சாமித்தம்பி கை நனைத்த கடை

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு மட்டக்களப்பில் கால் வைத்ததும் ஒரு ஞாபகம் வந்துவிடும். "மாடிக்கடை இப்பவும் இரிக்கா? அந்தக் கடை மீன் கறி இரிக்கே..." என்று சப்புக் கொட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடை மூடிக் கனகாலம். அந்தக் கட்டிடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் நான் இன்றைக்கும் தெருவைக் கடந்து மற்றக் கரையால்தான் நடப்பேன். கிழவனுக்கு விசர் என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் கடையில் என் தங்கை புருஷன் சாமித்தம்பி தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சாப்பிட்டார். அந்த ஒரு சாப்பாடு அந்தக் குடும்பத்தை என்ன செய்தது என்பதை அறிந்தவன் எவனும் அந்தக் கடையைப் பற்றி என் முன்னால் சப்புக் கொட்டமாட்டான்.

சாமித்தம்பி படுவான்கரைக்காரர். வாவிக்கு மேற்கே, தண்ணீரை ஒட்டினாற்போல் வீடு. ஒரு தோணி, நாலைந்து வலை, என் தங்கை, ஒரே மகள் சீதேவி. அவ்வளவுதான் அவருடைய உலகம். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். வலையை யாராவது அறுத்துவிட்டுப் போனால்கூட, "தெரியாமச் செஞ்சிட்டாங்க போல" என்று உட்கார்ந்து கிழிசலைப் பொத்திக்கொண்டிருப்பார். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து என் தங்கை, "உங்க ரெண்டு பேரையும் உரலில போட்டு இடிச்சு ரெண்டு மனிசராப் பிடிச்சாத்தான் சரி வரும்" என்பாள்.

அந்தச் சாதுவுக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கத் தெரியாது. கெட்ட மீன். நேற்றுப் பட்ட மீனை வீட்டுப் படி ஏறவிடமாட்டார். விருந்துக்குப் போன இடத்தில் சட்டியிலிருந்து ஆவி வரும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். ஒன்றும் சொல்லாமல், "எனக்கு வயிறு சரியில்ல" என்று வெறும் சொதியோடு எழுந்துவிடுவார். ஊரில் சந்தை மீன் வாங்குகிறவர்கள் அவருடைய மூக்குக்கு முன்னால் ஒரு தடவை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அந்த மூக்குப் பேர்போனது. கல்லடி வரைக்கும் அதைப்பற்றிப் பகிடி பேசுவார்கள்.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு. மட்டக்களப்பு ரவுன் ஆமியிடம், படுவான்கரை இயக்கத்திடம். நடுவில் வலையிறவுப் பாலமும் சென்றிக் காவலரண்களும். அந்தப் பக்கம் இயக்கம் வீட்டுக்கொரு பிள்ளையைக் கேட்டுக்கொண்டிருந்த காலம். ஒரே ஒரு பிள்ளை இருக்கிற வீட்டில் எந்தப் பிள்ளையைக் கேட்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. சீதேவிக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்து சாமித்தம்பியோடு மரியாதையாகத்தான் பேசிவிட்டுப் போனார்கள். மறுபடியும் வந்தார்கள். மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

பிள்ளையை ரவுனுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இளம்பிள்ளைகள் வெளியே போவதற்கு அந்த வருஷம் முதல் அவர்கள் பாஸ் கொடுப்பதில்லை. கலியாணம் என்றால் மட்டும் விடுவார்கள். தாலி ஏறிய பெண்களை அநேகமாகத் தொடுவதில்லை. ஆகவே ஒரு தாலி வேண்டும், அதுவும் வாவிக்கு இந்தப் பக்கத்துத் தாலியாக வேண்டும். சாமித்தம்பி அந்த வருஷம் முழுக்க வேறு எதையும் யோசிக்கவில்லை.

மாப்பிள்ளை தானாகவே அமைந்தான். கல்லடியில் அழகரத்தினம் என்று ஒரு பையன், கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் அமிர்தகழியில் மாமாங்கத் தீர்த்தத்துக்குச் சீதேவி வந்தபோது கண்டிருக்கிறான். கண்டவன் மறக்கவில்லை. என்னைத் தேடி, நான் வேலை செய்த இரும்புக்கடைக்கே வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். எனக்குப் பிடித்துப்போயிற்று. தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் கண்ணகை நல்ல மனுசி. முடிவு சொல்கிறவர் தாய்மாமன் கனகசிங்கம். எங்கள் பக்கத்தில் எந்தக் கலியாணத்திலும் தாய்மாமன் சொல்தான் சொல். பெண்ணுக்குத் தாய்மாமன் நான்.

எங்கள் வழக்கப்படி பெண் வீட்டார்தான் வீடு கொடுக்கவேண்டும், மாப்பிள்ளை அங்கே போய் இருக்கவேண்டும். படுவான்கரை வீட்டில் எந்த மாப்பிள்ளை போய் இருப்பான்? கனகசிங்கம் அதைப் பெருந்தன்மையாக ஒதுக்கிவைத்தார். "வீட்டைப் பிறகு பாப்பம். புள்ள முதல்ல இஞ்சால வரட்டும்" என்றார். இனி இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் இருந்து பேசி முடிக்கவேண்டியதுதான் பாக்கி.

எங்கே இருந்து பேசுவது? சங்கக்கடைப் பையனுடைய வீட்டார் படுவான்கரைக்குப் போய் வந்தால் அடுத்த நாள் ஆமி வந்து விசாரிக்கும். நான் இரும்புக்கடைக்குப் பின்னால் ஒரு அறையில் கிடந்த ஒண்டிக்கட்டை. ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் சம்பந்தம் பேச முடியாது. கனகசிங்கம்தான் சொன்னார், "மாடிக்கடையில ஒரு பகல் சாப்பாட்டோட கதைச்சு முடிப்பம்" என்று. அப்போது மாடிக்கடை என்றால் கச்சேரியில் இருக்கிற அரசாங்க உத்தியோகத்தர்கள் முதல் ஆமிப் பெரியவர்கள் வரை வரிசையில் நின்ற காலம்.

சாமித்தம்பி அதைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். "காசு நான்தான் குடுப்பன். அப்ப நம்மட சோத்திலதான் அவங்க கை நனைப்பாங்க" என்றார்.

இந்தக் கை நனைக்கிற விஷயம்தான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். எங்கள் பக்கத்தில் சம்மதத்தை வாயால் சொல்வது குறைவு. பெண் வீட்டார் வைத்த சோற்றில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்தால் சம்மதம். இல்லை, சோலி இருக்கிறது என்று எழும்பிவிட்டால் காரியம் முடிந்தது, இனி ஏன் எதற்கென்று கேட்கக்கூடாது. எத்தனை பேச்சுப் பேசினாலும் சோறு உள்ளே போகும்வரை பெண்ணைப் பெற்றவனுக்கு மூச்சு வராது.

அன்றைக்கு சாமித்தம்பி வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வந்தார். கையில் பன்புல்லில் இழைத்த ஒரு பை. உள்ளே வாழையிலையில் சுற்றிய இரண்டு கொடுவா மீன், கண்ணகைக்குக் கொடுப்பதற்கு. சென்றியில் இரண்டின் வயிற்றையும் கிழித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டிருக்கிறார்கள். மனிதர் அதற்கும் சிரித்தார். "வயித்தக் கிழிச்சா என்ன மச்சான்? விடியப் பட்ட மீன். செவுளப் பாரு, செம்பரத்தம்பூப் போல இரிக்கு."

மாடிக்கடைப் படியிலேயே ஒரு வெயிற்றர் மறித்தான். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். சாமித்தம்பி ஊர்ப்பேரோடு வெகுளியாகச் சொன்னார். அவன் பையை எட்டிப் பார்த்தான்.

"மீன மேல கொண்டுபோகேலா. வாடை அடிக்கும். சாப்பிடுற ஆக்கள் பேசுவாங்க."

அந்த மீனுக்கு வாடை! காசு வாங்குகிற மேசைக்குக் கீழே பையை வைத்துவிட்டு மேலே போனோம்.

கனகசிங்கமும் கண்ணகையும் வாவியைப் பார்த்த ஜன்னலோரம் இருந்தார்கள். நாங்களும் இருந்து ஒருவரை ஒருவர் நலம் விசாரித்து முடியவில்லை, ஆமி அதிகாரிகள் நாலு பேர் படியேறி வந்தார்கள். அதே வெயிற்றர் ஓடிவந்தான். "எழும்புங்க, எழும்புங்க, பின்னுக்கு இடம் கிடக்கு." கண்ணகைக்கு ஒரு அம்மா என்ற சொல்கூட இல்லை. ஆட்டை ஓட்டுவது போல ஓட்டிக்கொண்டு போய் கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் எங்களை இருத்தினான். சாப்பிட்டு முடித்தவனெல்லாம் எங்கள் தலைமாட்டில் வந்து நின்று கொப்பளித்தான். கண்ணகை சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். சுபகாரியம் பேச நல்ல இடம்.

சாமித்தம்பி கோழியும் றாலும் கேட்டார்.

"கோழி முடிஞ்சுது. றால் இல்ல. மீன்தான் இரிக்கு."

சொல்லிவிட்டுப் போனவன் அடுத்த தடவை வரும்போது இரண்டு கையிலும் கோழிக்கறி வைத்துக்கொண்டு ஜன்னல் மேசைக்குப் போனான். நான் விடவில்லை. "தம்பி, அது என்ன, கொக்கா?" என்றேன். அவன் காது கேட்காதவன் போலப் போய்விட்டான்.

தண்ணீர் கேட்டோம், வரவில்லை. மறுபடி கேட்டோம், ஒரே ஒரு கிளாஸ் வந்தது. அதன் விளிம்பில் யாருடைய வெற்றிலைச் சாயமோ இருந்தது. ஆனால் சாப்பாடு வரத் தாமதமானதில் ஒரு நன்மை நடந்தது என்று அப்போது நான் நினைத்தேன். பேச்செல்லாம் பேசி முடிந்துவிட்டது. தை மாதம், மாமாங்கக் கோயிலில் தாலி கட்டு, ஆரவாரம் இல்லாமல். கண்ணகை சாமித்தம்பியைப் பார்த்து, "புள்ளைய அனுப்பிப்போட்டுத் தனிய இருந்து யோசிக்காதீங்க அண்ணன். எனக்குப் பொம்புளப் புள்ள இல்ல. என்ட மகளாத்தான் வெச்சிருப்பன்" என்றார். சாமித்தம்பி இரண்டு கையையும் கூப்பினார். அந்த மனுசி சொன்ன அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு எரியும்.

பிறகு சோறு வந்தது. சோற்றுக் கோப்பைகளை மேசையில் வைத்தான் என்று சொல்லமாட்டேன், எறிந்தான். சோறு ஆறி, கட்டி கட்டியாக இருந்தது. நடுவில் பாரை மீன் கறி, சிவப்பாக, புளியும் உள்ளியும் கொட்டிக் கிடந்தது. அந்த மாதம் ஆமி யாரையும் கடலுக்கு விடவில்லை. மீன் எங்கிருந்தோ ஐஸில் வந்தது. ரவுனில் அந்த நாட்களில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். இதையெல்லாம் நான் பிறகுதான் யோசித்தேன். எனக்கு அப்போது உடம்பெல்லாம் சொறி, மருந்து தந்த பரியாரி மீனை நிறுத்திவைத்திருந்தார். என் கோப்பையில் பருப்பும் பூசணிக்காயும்தான். ஆனால் எதிரே இருந்த சாமித்தம்பியின் மூக்கை நான் பார்த்தேன். ஒரு தடவை விரிந்து, அப்படியே நின்றது.

நான் சோற்றைச் சாட்டாக வைத்து ஆரம்பித்தேன். "தம்பி, சோறு பச்சத் தண்ணியா இரிக்கு. எல்லாத்தையும் ஒருக்கா மாத்தித் தாங்க."

அவன் கடை முழுக்கக் கேட்கத்தான் கத்தினான். "இஞ்ச எல்லாருக்கும் இதுதான். விருப்பமெண்டாத் திண்ணுங்க, இல்லாட்டி எழும்பி இடத்த விடுங்க. படுவான்கரையில இருந்து வந்து நமக்குப் பழக்க வாறாங்க!"

படுவான்கரை என்ற சொல்லுக்கு ஜன்னல் மேசையில் ஒருவர் திரும்பினார். ஒன்றும் கேட்கவில்லை. சாமித்தம்பியின் முகத்தைப் பார்த்தார், அவருடைய கைகளைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்தில் அந்தப் பார்வைக்குப் பின்னால் என்னவெல்லாம் வரும் என்று எங்களில் தெரியாதவர் இல்லை. மேசைக்குக் கீழே என் காலைச் சாமித்தம்பி மிதித்தார். நன்றாக அழுத்தி மிதித்தார்.

கண்ணகை கோப்பையை நோக்கிக் குனிந்தவர் தயங்கினார். "ஒரு மாதிரி மணக்குது போல..." கனகசிங்கத்தின் கையும் மடியிலேயே இருந்தது. இரண்டு கைகளும் நனையாத கைகள். சாமித்தம்பி அந்தக் கைகளைத்தான் பார்த்தார்.

"அது புளியும் உள்ளியும் கூடிப்போன மணம் தங்கச்சி" என்றார். பிறகு அந்த மீனில் பெரிய துண்டாகப் பிய்த்து, சோற்றோடு குழைத்து, வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். "நல்ல மீன். சாப்பிடுங்க."

"மீன்காரர் சொன்னாப் பிறகென்ன" என்று கனகசிங்கம் சிரித்துக்கொண்டு சோற்றில் கை வைத்தார். கண்ணகையும் வைத்தார். சாமித்தம்பி கோப்பையில் முள்ளைத் தவிர ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. நெற்றியில் வேர்வை ஓடியது. நடுநடுவே, "நல்ல மீன், நல்ல மீன்" என்று கோயிலில் மந்திரம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கீழே வந்து பையைக் கேட்டோம். "எந்தப் பை?" என்றான் காசு மேசையில் இருந்தவன். சாமித்தம்பி அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பி மூச்சை இழுத்தார்.

"என்ட கொடுவா பொரியுது மச்சான்" என்றார். அவருடைய முகத்தில் சிரிப்புத்தான் இருந்தது. "போகட்டும். கை நனைச்சிட்டாங்க."

அன்று பின்னேரம் பாதை மூடுவதற்கு முன் அவர் படுவான்கரைக்குப் போய்ச் சேர்ந்தார். பாலத்தைத் தாண்டியதும் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டுதான் போனாராம். அந்த நிலையிலும் வாசலில் நின்று என் தங்கையைக் கூப்பிட்டு, "முடிஞ்சுது கா, முடிஞ்சுது. புள்ளைக்குச் சீலை எடு" என்றாராம்.

கனகசிங்கம் ஒரு கிழமை கழித்து இரும்புக்கடைக்கு வந்தார். முகம் வாடி, கன்னம் ஒட்டியிருந்தது. அவரும் கண்ணகையும் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார்கள். கண்ணகைக்கு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, உயிர் போய்த்தான் வந்திருக்கிறது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை.

"எனக்கு மீனைப் பத்தித் தெரியா. என்ட தங்கச்சிக்கும் தெரியா. உங்கட மச்சானுக்குத் தெரியும். ஊரெல்லாம் அவர்ர மூக்கில காட்டித்தானே மீன் வாங்கிற? அந்தாள் தெரிஞ்சுகொண்டு நல்ல மீன் எண்டு சொல்லி எங்களத் திண்ண வெச்சிரிக்கார்."

"அவரும் திண்டவர்தானே அண்ணன்" என்றேன். ஆமிக்காரன் பார்த்ததைச் சொன்னேன். சத்தம் போட முடியாத நிலைமையைச் சொன்னேன்.

"சத்தம் போடச் சொல்லல்ல. கோப்பையத் தள்ளி வெச்சிருந்தாப் போதும். எழும்பி அடுத்த கடையில ஒரு தேத்தண்ணி குடிச்சிருப்பம்."

"சாப்பிடாம எழும்பினா விஷயம் குழம்பிப்போகும் எண்டு பயந்திட்டார். நீங்க கை நனைக்கோணும் எண்டுதான்..."

கனகசிங்கம் என்னை ஒரு விளங்காத பார்வை பார்த்தார். "கை நனைக்கிறதா? கடைச் சோத்திலயா? வீட்டுச் சோத்துக்குத்தானே அந்தக் கணக்கு. கடையில திண்டா என்ன, திண்ணாட்டி என்ன? நான் அண்டைக்கு வரக்குள்ளயே சம்மதத்தோடதான் வந்தனான்."

அவருக்கு இழுத்துப் போட்ட ஸ்டூலில் நான் இருந்தேன்.

"இப்ப என்ட தங்கச்சி சொல்லுறா, மகளக் குடுக்கிறதுக்காக நஞ்செண்டு தெரிஞ்சும் தீத்திற மனிசன்ட வீட்டில சம்பந்தம் வேணாமெண்டு. எனக்கும் மனம் வரல்ல." போய்விட்டார். அழகரத்தினம் அழுதான் என்று கேள்விப்பட்டேன். தாயை மீறுகிற அளவுக்கு அழவில்லை.

நான் பாஸ் எடுத்துக்கொண்டு போய் சாமித்தம்பியிடம் சொன்னேன். சீலை எடுத்து வைத்திருந்தார்கள். கத்தரிப்பூ நிறம். சம்பந்தம் வேண்டாமாம், மீன் பழுதானதைக் கண்டுபிடித்துவிட்டார்களாம் என்று அவ்வளவு மட்டும்தான் சொன்னேன். மனிதர் தோணிக் கட்டையில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். "அண்டைக்கு எழும்பியிருந்தாலும் குழம்பித்தானே போயிரிக்கும் மச்சான்? நான் என்னெண்டு செய்யிற?" என்றார். நான் ஆம் என்று தலையாட்டினேன்.

கார்த்திகையில் இயக்கத்தார் சீதேவியைக் கொண்டுபோனார்கள். தண்ணி அள்ளப் போன இடத்தில். தைக்கு இரண்டு மாதம் இருந்தது.

இரண்டாயிரத்து நாலில் இயக்கம் இரண்டாகப் பிரிந்து, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். சீதேவியும் வந்தாள். பயிற்சியில் குண்டு கையிலேயே வெடித்து, வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. அதுவே புண்ணியம் என்று ஊர் சொல்லியது. ஊருக்கு என்ன, சொல்லும்.

நான் போன அன்று பகல் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இடது கையால் சாப்பிடப் பழகமாட்டேன் என்று அவள் பிடிவாதம். சாமித்தம்பிதான் தீத்தினார். ஒவ்வொரு துண்டு மீனையும் முள் எடுத்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டு, சோற்றில் பிசைந்து அவள் வாயில் வைத்தார். எனக்கும் தங்கை சோறு போட்டாள்.

"விடிய நீங்களே புடிச்ச மீன்தானேப்பா. என்னத்துக்கு மணந்து பாக்கிற?" என்றாள் சீதேவி.

அவர் கோப்பையில் கிடந்த ஒரு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அண்டைக்கு மாடிக்கடையிலயும் மணந்து பாத்தீங்களா?"

"பாத்தன் மகள்."

"நாறினதா?"

"நாறினது."

அவள் வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். "நாறுது எண்டு சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா அவங்க கை நனைக்காம எழும்பிருவாங்களே புள்ள. அதோட எல்லாம் முடிஞ்சிருக்குமே" என்றார். பிறகு தலையால் என்னைக் காட்டினார். "கேளு, உன்ட மாமாவும் அண்டைக்கு அங்க இருந்தவர்தானே. என்ன மச்சான், அப்பிடித்தானே?"

கடைச் சோற்றைப் பற்றிக் கனகசிங்கம் சொன்னதை நான் அவர்களுக்குச் சொன்னதே இல்லை. சீதேவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்" என்றேன். "அப்பிடித்தான்."

அவர் அடுத்த துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். நான் குனிந்து என் கோப்பையைப் பார்த்துச் சாப்பிட்டேன். நல்ல மீன்.